இணைய விளையாட்டுக் கணக்குகளின் வாணிகமும் பாதுகாப்பும்

பெங்களூரு மாநகரில், பழைய தண்டுப் பகுதிக்குத் தெற்கே, ஆஸ்டின் டவுனையும் விவேக்நகரையும் ஒட்டி அமைந்துள்ள குடியிருப்பு நீலசந்திரா. தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது. வீடுகள் நெருக்கமானவை, தெருக்கள் குறுகியவை, விளையாடுவதற்கான திறந்த வெளி அரிது. இத்தகைய பகுதிகளில் வளரும் இளைஞர்களுக்குக் கைபேசியே ஆடுகளமாகிவிட்டது. விளையாட்டு வளர்ந்த இடத்தில் அதனைச் சுற்றி ஒரு வாணிகமும் வளர்ந்துள்ளது. பல ஆண்டுகள் ஆடி உயர்நிலை எய்திய விளையாட்டுக் கணக்கை இளைஞர்கள் 'ஐடி' என்றே குறிப்பிடுகின்றனர். அந்த ஐடிக்கு விலை பேசப்படுகிறது. முன்பணம் தரப்படுகிறது. தரகரும் உண்டு. ஆனால் கடையும் இல்லை, ரசீதும் இல்லை.

சந்தையில் விலை போகும் பொருள் எதற்கும் உடைமைச் சான்று ஒன்று இருப்பது இயல்பு. நிலத்திற்குப் பத்திரம் உண்டு. வாகனத்திற்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு. கைக்கடிகாரத்திற்குக்கூட அதனைக் கையில் வைத்திருப்பதே ஒருவகைச் சான்றாகும். விளையாட்டுக் கணக்கிற்கு இவற்றுள் எதுவும் கிடையாது. கடவுச்சொல்லை அறிந்தவர் எவரோ, அக்கணக்குடன் இணைந்த தொலைபேசி எண்ணை வைத்திருப்பவர் எவரோ, அவரே நடைமுறையில் உடைமையாளர். எனவே, வேறு பண்டங்களில் தனித்தனியாக நிற்கும் 'உடைமை', 'பாதுகாப்பு' ஆகிய இரண்டும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இவ்வாணிகத்தில் நேரும் இழப்புகள் பெரும்பாலும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

விலை பிறந்த வரலாறு

விளையாட்டுப் பொருள்களை உண்மைப் பணத்திற்கு விற்கும் வழக்கம் இந்தியாவில் தோன்றியதன்று. 1997 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்னும் விளையாட்டின் பொற்காசுகளும் வீடுகளும் ஈபே ஏலத் தளத்தில் விலைக்கு வந்தன. 2001 இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் பொருளாதார அறிஞர் 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் கற்பனை உலகை ஒரு நாடாகவே பாவித்து அதன் தேசிய வருமானத்தைக் கணக்கிட முற்பட்டார். வெளிச் சந்தையில் நிலவிய விலைகளைக் கொண்டு அவர் மதிப்பிட்டவாறு, அவ்வுலகின் தலைவீத உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டதாயிருந்தது. அதன் நாணயம் ஒன்று 0.0107 டாலருக்கு விற்றது. அன்றைய ஜப்பானிய யென்னைவிட அதிக மதிப்பு. ஓர் ஆட்டக்காரரின் மணிநேர ஊதியம் சுமார் 3.42 டாலர் என்றும் அவர் கண்டார். கேட்பவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உழைப்பு நேரம் செலவாகிறது, பொருள் அரிதாக உள்ளது, வாங்குபவர் பணம் தர ஒருப்படுகிறார் என்னும் மூன்றும் கூடியபின் விலை பிறவாமல் இருக்க இயலாது.

இதன் அடுத்த கட்டம் வேலைவாய்ப்பாக மாறியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் நாடுகளில், பெரும்பாலும் சீனாவில், சுமார் 4 லட்சம் பேர் விளையாட்டுப் பொற்காசுகளைச் சேர்த்து விற்கும் தொழிலில் ஈடுபட்டிருந்ததாகவும், அவர்தம் மாத ஊதியம் சராசரியாக 145 டாலர் அளவில் இருந்ததாகவும் மதிப்பிட்டார். நேரம் மலிவாக உள்ள நாட்டிலிருந்து நேரம் விலையுயர்ந்த நாட்டிற்கு உழைப்பு ஏற்றுமதியாகிறது. சரக்குக் கப்பலுக்கு இங்கே வேலையில்லை.

நிறுவனங்கள் இதனை எதிர்கொண்ட விதம் பலவகைப்பட்டது. 2007 ஜனவரியில் ஈபே நிறுவனம் இத்தகைய விற்பனைப் பட்டியல்களை நீக்கத் தொடங்கியது. 'ரூன்ஸ்கேப்' விளையாட்டை நடத்திய ஜாகெக்ஸ் நிறுவனம், காசு விற்போர் திருட்டுக் கடனட்டைகளைப் பயன்படுத்தியதால் நேர்ந்த தொல்லை தாளாமல், 2007-08 இல் ஆட்டக்காரர்களுக்கிடையே தடையற்ற கொடுக்கல் வாங்கலையே கட்டுப்படுத்தியது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்பும் வாக்கெடுப்பும் காரணமாக 2011 பிப்ரவரியில் அதனை மீண்டும் அனுமதித்தது. 'டயாப்ளோ 3' விளையாட்டின் நிறுவனமோ நேர்மாறான வழியில் சென்று, 2012 இல் தானே உண்மைப் பண ஏலக்கூடம் ஒன்றைத் திறந்தது. சட்டபூர்வமான சந்தை இருப்பின் கள்ளச் சந்தை ஒழியும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆடிப் பெற வேண்டிய பொருளைப் பணம் கொடுத்தே பெறலாம் என்றானபின் ஆடுவதன் நோக்கமே குன்றியது. 2014 மார்ச் 18 அன்று கூடம் மூடப்பட்டது. தடை செய்தாலும் இடர், அனுமதித்தாலும் இடர் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டும் உண்மை.

பொருளா, சாவியா?

இந்திய நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். 'கவுண்டர்-ஸ்டிரைக்' போன்ற சில விளையாட்டுகளில் துப்பாக்கிக்குரிய அலங்காரம், அதாவது 'ஸ்கின்', தனிப்பொருளாகவே ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு மாற்றத்தக்கது. விற்பவர் பொருளைக் கொடுக்கிறார். தம் கணக்கைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். நம் நாட்டில் மிகுதியாக ஆடப்படும் பி.ஜி.எம்.ஐ. முதலிய கைபேசி விளையாட்டுகளின் அமைப்பு வேறு. 'யூசி' எனப்படும் விளையாட்டு நாணயத்தை நிறுவனத்திடமிருந்து ரூபாய்க்கு வாங்கலாம். அதனைக் கொண்டு உடையும் அலங்காரமும் பெறலாம். ஆனால் அவ்வாறு பெற்றவற்றைப் பெரும்பாலும் பிறர் கணக்கிற்கு மாற்ற இயலாது. ரூபாயாகத் திரும்பப் பெறவும் இயலாது.

பொருளை மாற்ற முடியாது என்னும் இவ்விதி மோசடியைத் தடுக்கும் நோக்குடையது. அதன் விளைவோ வேறாக அமைந்தது. பொருளைத் தனியே விற்க இயலாததால், பொருள் அடங்கிய கணக்கையே முழுவதுமாக விற்கின்றனர். பெட்டியிலுள்ள நகையை எடுத்துக் கொடுக்க வழியில்லாதபோது வீட்டுச் சாவியையே ஒப்படைப்பதற்கு இது ஒப்பாகும். அச்சாவியுடன் வேறு பலவும் சேர்ந்தே செல்கின்றன. விளையாட்டுக் கணக்கு பெரும்பாலும் கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கின் வழியாகவே திறக்கப்படுவதால், விற்பவரின் மின்னஞ்சல், நண்பர் பட்டியல், ஒளிப்படங்கள் ஆகியனவும் வாங்குபவரின் கைக்கு எட்டும் நிலை ஏற்படுகிறது.

இப்பண்டத்தின் மதிப்பு எத்துணை நிலையற்றது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மைய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் அவற்றுள் அடங்கியது. அன்று காலை வரை ஆயிரக்கணக்கில் விலை கூறப்பட்ட கணக்குகள் பின்னர் வெறும் எழுத்துகளாயின. 2021 ஜூலை 2 அன்று தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பி.ஜி.எம்.ஐ.யை வெளியிட்டு, பழைய கணக்கின் உடைமைகளைக் குறிப்பிட்ட கால அளவிற்குள் மாற்றிக்கொள்ள வாய்ப்பளித்தது. மதிப்பு மீண்டும் உயிர்பெற்றது. 2022 ஜூலை 28 அன்று அவ்விளையாட்டும் அரசின் ஆணையால் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. கிராஃப்டனின் இந்திய அலுவலகம் பெங்களூருவில் இருப்பினும், நீலசந்திரா இளைஞரின் கணக்கிற்கு விலை உண்டா இல்லையா என்பது சியோலிலும் புதுதில்லியிலும் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்ததாகவே இருந்தது. விளைபொருளின் விலை மழையைப் பொறுத்திருப்பதைப் போன்றது இது. ஆயின் இங்கே வானிலை அறிவிப்பு கிடையாது.

ஒரு விற்பனையின் உடற்கூறு

எடுத்துக்காட்டாக, நீலசந்திராவில் பட்டப்படிப்புப் பயிலும் மாணவன் ஒருவனைக் கற்பனையாகக் கொள்க. மூன்றாண்டுகளில் அவன் ரூ. 20,000 வரை செலவிட்டு வளர்த்த ஐடியைத் தேர்வுக் கட்டணத்தின் பொருட்டு ரூ. 8,000-க்கு விற்க எண்ணுகிறான். ஓசூரிலுள்ள ஒருவர் வாங்க முன்வருகிறார். இருவரும் நேரில் கண்டவரல்லர். 'முதலில் பணம்' என்கிறான் மாணவன். 'முதலில் கடவுச்சொல்' என்கிறார் வாங்குபவர். இவ்விடத்தில்தான் 'மிடில்மேன்' எனப்படும் தரகர் நுழைகிறார். இரு பக்கத்தையும் தம்மிடம் பெற்றுக்கொண்டு மாற்றித் தருவதாகக் கூறி ஒரு தொகையைத் தரகாகக் கொள்கிறார். தரகரே இரண்டையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவது இவ்வாணிகத்தின் மிகப் பழைய ஏமாற்று.

தரகர் நேர்மையானவராகவே இருக்கட்டும். பணம் யூபிஐ வழியாக வந்து சேருகிறது, கடவுச்சொல் கைமாறுகிறது, வாங்குபவர் தம் தொலைபேசி எண்ணை இணைத்துக்கொள்கிறார். விற்பனை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் முடியவில்லை. இருபது நாள் கழித்து மாணவன் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி, 'என் கணக்கு திருடப்பட்டது' என்று முறையிட முடியும். கணக்கு தொடங்கிய நாள், முதலில் பயன்படுத்திய கைபேசி, யூசி வாங்கிய பழைய ரசீதுகள் ஆகிய சான்றுகள் அனைத்தும் அவனிடமே உள்ளன. நிறுவனம் நடுநிலையோடு ஆராய்ந்தாலும் முதல் உரிமையாளர் பக்கமே தீர்ப்பு சாயும். வாங்கியவரோ, 'விலைக்கு வாங்கினேன்' என்று கூற இயலாத நிலையில் இருக்கிறார். கணக்கை விற்பதும் வாங்குவதும் நிறுவன விதிகளுக்கு முரணானவை ஆதலின், அவ்வாறு கூறுவதே கணக்கை முடக்கப் போதுமான காரணமாகிவிடும்.

1970 இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையை முன்வைத்து, தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில் நல்ல சரக்கு படிப்படியாக வெளியேறிக் கெட்ட சரக்கே எஞ்சும் என்று விளக்கியது. பொருளியல் மாணவர்க்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இங்கே கிடைக்கிறது. எந்த ஐடி திரும்பப் பறிக்கப்படும், எது பறிக்கப்படாது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. ஆகவே எல்லா ஐடிக்கும் ஐயத்தின் தள்ளுபடியுடனேயே விலை கூறுகிறார். ரூ. 20,000 செலவிட்டவன் ரூ. 8,000-க்கு விற்க நேர்வது ஓரளவு இதனாலேயே. அவ்விலைக்கு மனமுவந்து விற்பவருள், ஒன்று பணமுடை மிகுந்தவர், மற்றொன்று கணக்கைத் திரும்பப் பறிக்க எண்ணுபவர் அல்லது திருடி வைத்திருப்பவர். பழைய காரிலாவது வாங்கியவர் அதனைத் தம் வீட்டு முன்றிலில் நிறுத்திக்கொள்ள முடிகிறது.

விற்பவருக்கு நேரும் மற்றோர் இடர் பலராலும் அறியப்படாதது, அதுவே கொடியது. வாங்குபவர் அனுப்பிய ரூ. 8,000 அவருடையதாக இல்லாதிருக்கலாம். வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒரு முதியவரின் சேமிப்பு, பல வங்கிக் கணக்குகளைக் கடந்து, ஐடி வாங்கும் வழியாக மாணவனின் கணக்கை வந்தடைந்திருக்கலாம். மோசடிப் பணத்தை விரைந்து பண்டமாக மாற்ற விரும்புவோருக்கு, ரசீதற்ற இவ்வாணிகம் வசதியானது. முதியவர் புகார் அளித்ததும், பணம் சென்ற வழியிலுள்ள கணக்குகள் ஒவ்வொன்றிலும் அத்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. சில வேளைகளில் கணக்கு முழுவதுமே முடக்கப்படுகிறது. கல்வி உதவித்தொகையும் பகுதிநேர வேலையின் ஊதியமும் அதே கணக்கில் இருப்பின் அவையும் சிக்கிக்கொள்ளும். விசாரணை அதிகாரி வேறு மாநிலத்தவராக இருப்பார். 'எதற்காகப் பெற்ற பணம்?' என்னும் கேள்விக்குக் காட்ட மாணவனிடம் ஆவணம் ஏதும் இராது.

பூட்டுகளும் அவற்றை உடைப்போரும்

விற்பனையே இல்லாமலும் கணக்குகள் பறிபோகின்றன. 2015 டிசம்பரில், 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாகத் தானே அறிவித்தது. கவனக்குறைவுடையோர் மட்டுமன்றித் தேர்ந்த ஆட்டக்காரர்களும் அவர்களுள் இருந்தனர். பொருள்களுக்கு விலை ஏறியதே காரணம். பூட்டின் வலிமை மாறாதிருக்க, உள்ளேயிருப்பதன் மதிப்பு உயருமானால் திருட்டும் உயரும்.

இங்கே கையாளப்படும் முறைகள் சிலவற்றை மட்டும் குறிப்பிடுவது போதும். இலவச யூசி தருவதாகக் கூறும் போலிப் பக்கங்கள் ஃபேஸ்புக் அல்லது கூகுள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுகின்றன. ஒரு செயலிக்குள்ளேயே திறக்கும் உள்நுழைவுப் பக்கம் உண்மையானதா போலியா என்பதைச் சாதாரணப் பயனர் வேறுபடுத்தி அறிய இயலாது. இக்காரணத்தை முன்னிட்டே 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயலிக்குள் பொதிந்த உலாவி வழியாகத் தன் கணக்கைக் கொண்டு நுழைவதை நிறுத்தியது. சுவருக்கு அப்பாலுள்ள எதிரியைக் காட்டுவதாகக் கூறும் கள்ளச் செயலிகள் மற்றொரு வழி. பிறரை ஏமாற்ற விரும்பி அவற்றை நிறுவுபவர், தம் கைபேசியில் வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையையும் சேர்த்தே அச்செயலிக்கு அளித்துவிடுகிறார்.

மிக மலிவாக யூசி ஏற்றித் தருவோரும் உள்ளனர். பாதி விலைக்கு அவர்களால் எவ்வாறு தர இயலுகிறது என்று எவரும் கேட்பதில்லை. திருட்டு அட்டையால் வாங்கப்பட்ட யூசி, அட்டைக்குரியவர் முறையிட்டதும் செல்லாததாகிறது. அதனைப் பெற்ற கணக்கு முடக்கப்படுகிறது. 2019 அக்டோபரில் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்டிரைக் பெட்டிகளைத் திறக்கும் சாவிகளின் மறுவிற்பனையை நிறுத்தியபோது, கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ எல்லாமே மோசடி வழியில் வந்தவை எனத் தான் கருதுவதாக வெளிப்படையாகக் கூறிற்று.

தொலைபேசி எண் சார்ந்த இடர், நீலசந்திரா போன்ற பகுதிகளில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மலிவான திட்டத்தை நாடிச் சிம் அட்டையை மாற்றுவதும், பழைய எண்ணுக்குப் பணம் ஏற்றாமல் விட்டுவிடுவதும் வருமானம் குறைந்த குடும்பங்களில் இயல்பு. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்புதியவர், தம்மையறியாமலேயே, பழையவரின் விளையாட்டுக் கணக்கிற்கும் அதனோடு இணைந்த பிறவற்றிற்குமான ஒருமுறைக் கடவு எண்ணைப் பெறும் நிலையை அடைகிறார். எண்ணைக் கைவிடுமுன் அதனுடன் இணைந்த கணக்குகளை விடுவிக்க வேண்டும் என்னும் அறிவுரையைச் சிம் விற்கும் கடைக்காரர் கூறுவதில்லை. கூற வேண்டிய கடமை விதிகளிலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல், சிம் அட்டையை மாற்றிய ஏழு நாள்களுக்குள் அவ்வெண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற இயலாது என விதிக்கப்பட்டுள்ளது. சஞ்சார் சாத்தி தளத்தில் ஒருவர் தம் பெயரில் உள்ள இணைப்புகளைச் சரிபார்த்துக்கொள்ளவும் 2023 முதல் வசதி உண்டு.

நிறுவனங்கள் மேற்கொண்ட காப்புகளில் மிகுந்த பயன் தந்தது தாமதமே எனலாம். இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு இல்லாத கணக்கிலிருந்து செல்லும் பொருள்களை ஸ்டீம் பல நாள் நிறுத்தி வைக்கிறது. 2025 ஜூலையில், கைமாறிய கவுண்டர்-ஸ்டிரைக் பொருள்களை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறவும் வழி செய்தது. விரைவை விரும்பும் வணிகர்கள் இதனை வரவேற்கவில்லை. திருடியவருக்கு விரைவு இன்றியமையாதது, உரியவருக்கு அவ்வாறன்று.

சட்டத்தின் நிலை

விளையாட்டில் சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் உடன்படிக்கையின்படி, ஆட்டக்காரர் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, உடைமையன்று. கணக்கை விற்க இருவர் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திற்கும் வலுவில்லை. விற்பவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி அவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்பது 1903 இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் நிலைநாட்டிய நெறி.

உடைமை இல்லை என்பதால் திருட்டும் இல்லையா? நெதர்லாந்தில் இரு சிறுவர்கள் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைத் தாக்கி, கத்தியைக் காட்டி அச்சுறுத்தி, அவனது ரூன்ஸ்கேப் கணக்கிலிருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்தனர். 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் திருட்டென்றே தீர்ப்பளித்தது. அப்பொருள்களைப் பெறச் சிறுவன் செலவிட்ட நேரமும் முயற்சியும் அவற்றிற்கு மதிப்பளித்தன. அவை அவனது தனிக் கட்டுப்பாட்டில் இருந்தன. எனவே தொட்டுணர இயலாதவையாயினும் பொருளே என்பது தீர்ப்பின் சாரம். 2003 இலேயே பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, ஓர் ஆட்டக்காரர் இழந்த கற்பனை ஆயுதங்களை மீட்டளிக்குமாறு விளையாட்டு நிறுவனத்திற்கு ஆணையிட்டிருந்தது.

இந்தியாவில் 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அசையும் சொத்து என்பதை 'உருவுள்ள' சொத்து என்றே வரையறுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 2 ஆம் பிரிவு, நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் நீங்கலாக எல்லா வகைச் சொத்தையும் அசையும் சொத்தாகக் கொள்கிறது. 'உருவுள்ள' என்னும் அடைமொழி அதில் இல்லை. ஒரு சொல் நீங்கியதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீதிமன்றங்களே கூற வேண்டும். அதுவரை விசாரணை அலுவலர்க்குக் கைகொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டமாகும். பிறரது கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு 66-சி பிரிவும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு 66-டி பிரிவும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. பொருள் எவருடையது என்னும் கடினமான கேள்விக்குள் புகாமலேயே இப்பிரிவுகளைப் பயன்படுத்தலாம் என்பது இவற்றின் சிறப்பு. 43 ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கோரி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம், தீர்ப்பளிக்கும் அலுவலர் என்ற முறையில், முறையிடவும் இடமுண்டு. இவ்வழியை நாடுவோர் மிகச் சிலரே.

கர்நாடகம் இத்துறையில் தனித்த அனுபவம் உடையது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2021 இல் காவல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தை, 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி மைய அரசு 'ஃப்ரீ ஃபயர்' உள்ளிட்ட 54 செயலிகளைத் தடை செய்த செய்தியும் அதே நாளில் வெளிவந்தது. ஒரே நாளில் ஒரு கதவு திறந்தது, மற்றொன்று மூடியது.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. அவற்றை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவர்க்குத் தண்டனை இல்லை. மின்விளையாட்டுப் போட்டிகளும் பந்தயமற்ற பொழுதுபோக்கு விளையாட்டுகளும் தடைக்கு உட்பட்டவையல்ல. இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது 'பிற பணயங்கள்' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையாகும். பணத்திற்கு ஈடானதாகக் கருதப்படும் அல்லது பணமாக மாற்றத்தக்க காசுகள், வில்லைகள், பொருள்கள் ஆகியவை, மெய்யோ கற்பனையோ, பணம் கொடுத்து வாங்கப்பட்டவையாயின் அவையும் பணயமே. பொழுதுபோக்கு விளையாட்டின் அலங்காரப் பொருளுக்கு வெளிச் சந்தையில் ரூபாய் விலை நிலைபெறுமானால், அதனைப் பணயமாக வைத்து நிகழும் ஆட்டம் பண விளையாட்டாகக் கொள்ளப்படலாம் என்னும் வாதத்திற்கு இவ்வரையறை இடமளிக்கிறது. ஐடி வாணிகம் நிறுவனத்தின் விதிக்கு மட்டுமே முரணானது என்று இனி எண்ணியிருத்தல் இயலாது. இச்சட்டத்தை எதிர்த்துக் கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

புகாரும் பதிவும்

2020 இல் பஞ்சாபின் கரார் நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோரின் சேமிப்பிலிருந்து ரூ. 16 லட்சம் வரை பப்ஜி விளையாட்டில் செலவிட்டது நாளேடுகளில் வெளியானது. பின்னர் வந்த பி.ஜி.எம்.ஐ. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு ரூ. 7,000 எனச் செலவு வரம்பும், பெற்றோர் எண் வழியான ஒப்புதலும் விதித்தது. ஒரு நாளுக்கு ஏழாயிரம் என்பது நீலசந்திராவின் பல குடும்பங்களுக்குப் பாதி மாத வாடகையாயினும் ஆகும். வரம்பு எவருடைய வருமானத்தைக் கருதி வகுக்கப்பட்டது என்பது வினவத்தக்கது. மேலும், வயது முதிர்ந்தவரின் ஐடியை விலைக்கு வாங்கிய சிறுவனை இவ்வரம்பு கட்டுப்படுத்தாது. விற்பனை, பாதுகாப்பு விதியையும் சேர்த்தே செயலிழக்கச் செய்கிறது.

நாட்டிலேயே முதலாவது எனக் கூறப்படும் கணினிக் குற்றக் காவல் நிலையம் பெங்களூருவில் 2001 இல் அமைந்தது. பின்னர் மாநகரின் காவல் கோட்டங்களில் கணினி, பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான நிலையங்கள் அமைக்கப்பட்டன. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைப்பது பயன்தரும். முதல் சில மணி நேரத்திற்குள் செய்தி சேர்ந்தால் வங்கிகள் தொகையை வழியிலேயே நிறுத்த இயலும். ஆனால் பணம் போகாமல் கணக்கு மட்டும் போனால் நிலைமை வேறு. நிறுத்துவதற்கு வங்கியில் எதுவுமில்லை; புகார் எழுதும் அலுவலர் 'இழப்பு எவ்வளவு?' என்று கேட்கையில் மாணவனிடம் விடை இராது.

இங்கே அலுவலர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு உதவும். இழப்பின் தொகை தெரியவில்லை என்று புகாரைத் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. யூசி வாங்கிய ரசீதுகள் மின்னஞ்சலிலும் வங்கி அறிக்கையிலும் இருக்கும். அவற்றின் கூட்டுத்தொகையே இழப்பின் கீழெல்லை. கணக்கு தொடங்கிய மாதம், விளையாட்டிலுள்ள அடையாள எண், இணைந்திருந்த மின்னஞ்சல், கடைசியாகத் தாமே நுழைந்த நாள் ஆகிய நான்கையும் புகாரிலேயே எழுதி வாங்கிக்கொண்டால், நிறுவனத்திற்கு அறிவிப்பு அனுப்பி உள்நுழைவுப் பதிவேட்டைப் பெறுவது எளிதாகும். பதிவேடுகளை நிறுவனங்கள் நெடுங்காலம் வைத்திருப்பதில்லையாதலால் அறிவிப்பு முதல் வாரத்திலேயே செல்ல வேண்டும். புகார் கொடுப்பவர் கணக்கை விலைக்கு வாங்கியவராக இருப்பின் அதனையும் மறைக்காமல் எழுதச் செய்வதே முறை. நிறுவனம் அக்கணக்கை முடக்கக்கூடும்; எனினும் கடவுச்சொல்லைத் திருடிய குற்றம் அதனால் மறைந்துவிடுவதில்லை.